கருந்துளை தனிக்கட்டை இல்லீங்க!

சென்னையில, அதுவும் மயிலாப்பூர், மாம்பலம் பக்கம், கருந்துளைன்னு பேச்செடுத்தா போதும், மூணு வரி தயாரா வந்து விழும். ஒண்ணு: "நம்ம சந்திரசேகர் கப்பல்ல போகும்போதே கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சுட்டார்." ரெண்டு: "சூரியனைவிட 1.4 மடங்கு கனமான நட்சத்திரம் செத்தா கருந்துளை ஆயிடும்." மூணு: "எடிங்டன்னு ஒரு வெள்ளைக்காரர் பொறாமையில அதை அமுக்கிட்டார்." தமிழ்ல அறிவியல் எழுதற நம்ம மக்களோட பதிவுகள்லயும் இதே மூணு வரிதான், வேற வேற வரிசையில. பசங்க படிக்கிற கைடுலயும் இதேதான். இப்போ வாட்ஸப் ஃபார்வர்டுலயும் இதேதான்.

இதுல முதல் வரி பாதி சரி. ரெண்டாவது வரி தப்பு. மூணாவது வரி சினிமா. ஆனா என் புகார் அதோட முடியலை. மூணு வரியிலயுமே ஒரு முக்கியமான பாத்திரத்தைக் காணோம். துணை நட்சத்திரம்! ஒரு நட்சத்திரம் கருந்துளை ஆகுமா ஆகாதாங்கறதைப் பிறந்தப்போ இருந்த எடை மட்டும் முடிவு பண்றதில்லை. பக்கத்துல யார் இருக்காங்கங்கறதும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது. அந்தப் பாத்திரத்தை விட்டுட்டுக் கதை சொல்றது, கோவலன் இல்லாம சிலப்பதிகாரம் சொல்ற மாதிரி.

முதல் வரியில இருந்தே வருவோம். சுப்ரமணியன் சந்திரசேகர் 1910ல லாகூர்ல பிறந்தவர். அப்பா ரயில்வே கணக்குத் துறையில பெரிய உத்தியோகம். 1918ல குடும்பம் மதராஸுக்கு வந்தது. திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூல்ல படிப்பு, அப்புறம் பிரசிடென்சி காலேஜ், மயிலாப்பூர்ல அப்பா கட்டின 'சந்திர விலாஸ்' வீடு. 1928ல சோமர்ஃபெல்ட் என்கிற ஜெர்மன் இயற்பியலாளர் மதராஸ் வந்தப்போ இந்தப் பையன் நேரா போய்ப் பார்த்திருக்கான். "நீ படிச்ச இயற்பியல் பழசாயிடுச்சுப்பா"ன்னு அவர் விளக்கி, அச்சுக்குப் போகாத தன் கட்டுரையோட புரூஃபையும் படிக்கக் கொடுத்திருக்கார். ரெண்டு வருஷம் கழிச்சு, 1930 ஜூலை 31ஆம் தேதி பம்பாயில கப்பல் ஏறினப்போ வயசு 19. அந்தக் கப்பல்லதான் கணக்கு.

என்ன கணக்கு? எரிபொருள் தீர்ந்து செத்துப்போன 'வெள்ளைக் குள்ளன்' நட்சத்திரங்களைப் பத்தினது. நட்சத்திரம் எரியற வரைக்கும் உள்ளே இருக்கற வெப்பம் அதைத் தாங்கிப் பிடிக்குது. அணைஞ்சப்புறம் எது தாங்கும்? எலெக்ட்ரான்கள். 29சி பஸ்ஸை நினைச்சுக்குங்க. ஒருத்தர் உட்கார்ந்த சீட்டுல இன்னொருத்தர் உட்கார முடியாது. கீழ்ப்படி சீட்டெல்லாம் நிரம்பிட்டா புதுசா வர்ற எலெக்ட்ரான் மேல மேல, அதிக ஆற்றல் உள்ள இடத்துக்குத்தான் போயாகணும். அந்த நெரிசல்தான் நட்சத்திரத்தைத் தாங்கற அழுத்தம். எடை கூடக் கூட எலெக்ட்ரான்களோட வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குது. அதுக்கு மேல வேகம் கூட்ட வழியில்லை. அப்போ ஒரு எல்லைக்கு அப்புறம் நெரிசல் எடைக்கு ஈடு கொடுக்க முடியாது. அதுதான் சந்திரசேகர் எல்லை. 1931ல அவர் அச்சில் கொடுத்த எண் 0.91 சூரிய நிறை. உள்ளே என்ன தனிமம் இருக்குங்கற அனுமானம் திருந்தினப்புறம் அது 1.4 ஆச்சு.

கவனிங்க, இது செத்த நட்சத்திரத்தோட எலும்புக்கூட்டுக்கான எல்லை. உயிரோட இருக்கற நட்சத்திரத்தோட எடைக்கு இல்லை. ரெண்டாவது வரி தப்புன்னு நான் சொல்றது இதனாலதான். சூரியனைவிட 2 மடங்கு, 5 மடங்கு கனமா இருக்கற நட்சத்திரம்கூட வாழ்க்கையின் கடைசியில மேலுடம்பை எல்லாம் ஊதித் தள்ளிட்டு, 1.4க்குள்ள அடங்கி, சமர்த்தா வெள்ளைக் குள்ளனாத்தான் முடியுது. சுமாரா 8 மடங்கு வரைக்கும் இதே கதைதான். அதுக்கு மேல போனா வெடிச்சு, மையம் நொறுங்கி நியூட்ரான் நட்சத்திரம். அந்த நியூட்ரான் நட்சத்திரத்துக்கும் ஒரு எல்லை உண்டு, ரெண்டுல இருந்து ரெண்டரை சூரியன் வாக்குல. 1939ல ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும் அதுக்கு முதல் கணக்குப் போட்டாங்க. அதையும் மீறினாத்தான் கருந்துளை. ஆக 1.4ல இருந்து கருந்துளைக்கு நேர் பஸ் கிடையாது, நடுவுல ரெண்டு ஸ்டாப் இருக்கு :-)

இன்னொரு வேடிக்கை. ஒரு வெள்ளைக் குள்ளன் நிஜமாவே 1.4ஐ நோக்கி எடை ஏறணும்னா அதுக்கு யாராவது தீனி போடணும். தனியா இருக்கறதுக்கு யார் போடுவாங்க? துணை நட்சத்திரம்தான். அப்படி எடை ஏறி எல்லையை நெருங்கற கார்பன்-ஆக்சிஜன் குள்ளன் பெரும்பாலும் கருந்துளை ஆகறதில்லை. மொத்தமா வெடிச்சுச் சிதறிடுது, மிச்சம் மீதி எதுவும் இல்லாம. இந்த வகை சூப்பர்நோவாக்களை வெச்சுத்தான் 1998ல பிரபஞ்சத்தின் விரிவு வேகமாகிக்கிட்டே போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. நாம எந்த எண்ணைக் கருந்துளைக்கு டிக்கெட்னு சொல்லிக்கிட்டிருக்கோமோ, அது நிஜத்துல பல சமயம் மொத்த அழிவுக்கான டிக்கெட்.

சரி, மூணாவது வரி. 1935 ஜனவரி 11ஆம் தேதி லண்டன்ல ராயல் வானியல் கழகத்துக் கூட்டத்துல சந்திரசேகர் பேசி முடிச்சதும் எடிங்டன் எழுந்து கிண்டல் பண்ணினது உண்மை. இந்தக் கணக்குப்படி நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கி, ஒளிகூடத் தப்ப முடியாத நிலைக்குப் போயிடும், இப்படி ஒரு அபத்தத்தை இயற்கை அனுமதிக்காதுங்கற தொனியில பேசினார். அதாவது மனுஷன் கருந்துளையைச் சரியா வர்ணிச்சுட்டு, அதனாலேயே அது இருக்க முடியாதுன்னுட்டார். இது பெரிய அநியாயம்தான். ஆனா 1944ல எடிங்டன் இறந்தப்போ சிகாகோவுல அவருக்காக அஞ்சலி உரை செஞ்சது இதே சந்திரசேகர். வில்லன்-ஹீரோ கதையில இது எங்கே பொருந்தும்?

இந்தச் சண்டைக்கு மூலமே ஒரு ஜோடி நட்சத்திரம்ங்கறதுதான் யாரும் சொல்லாத விஷயம். சிரியஸ். டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சுல நின்னு மேல பார்த்தா எல்லா நட்சத்திரத்தையும்விடப் பளிச்னு தெரியுமே, அது. 1844ல பெஸல்ங்கற ஜெர்மன் வானியலாளர் சிரியஸ் நேர்கோட்டுல நகராம லேசா தள்ளாடுதுன்னு கவனிச்சு, பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை இருக்கணும்னு சொன்னார். 1862ல ஆல்வன் கிரஹாம் கிளார்க் அதைத் தொலைநோக்கியில பார்த்தார். அதுதான் சிரியஸ் பி. ரெண்டும் 50 வருஷத்துக்கு ஒரு தடவை ஒண்ணை ஒண்ணு சுத்தி வருது. அந்தச் சுத்தலை வெச்சுத்தான் எடையைக் கணக்குப் போட முடிஞ்சுது: பூமி அளவு உடம்புல ஒரு சூரியனோட எடை! இப்படி ஒரு பொருள் வானத்துல நிஜமா இருக்குன்னு தெரிஞ்சதாலதான் அதை எது தாங்குதுன்னு ஃபவுலர் 1926ல யோசிச்சார். ஃபவுலர் கட்டுரையைப் படிச்சுட்டுத்தான் சந்திரசேகர் கப்பல் ஏறினார். சிரியஸ் பி தனியா இருந்திருந்தா அது ஒரு மங்கலான புள்ளி, அவ்வளவுதான். துணை இருந்ததாலதான் தராசுல ஏறிச்சு.

அந்த சிரியஸ் பி பிறந்தப்போ சுமார் 5 சூரிய எடை இருந்திருக்கும்னு கணிக்கறாங்க. இப்போ 1தான். நம்ம கைடு சொல்ற கணக்குப்படி அது எப்பவோ கருந்துளை ஆகியிருக்கணும். பாவம், கைடு படிக்கலை போல.

இப்போ துணை எப்படித் தலையெழுத்தை மாத்துதுன்னு பார்ப்போம். மயிலாப்பூர்ல பழைய வீடுகள்ல பார்த்திருப்பீங்க. தென்னை மரம் ஒரு வீட்டுல நிக்கும், வளைஞ்சு காம்பவுண்ட் சுவரைத் தாண்டிடும், காய் விழறது பக்கத்து வீட்டுல. ரெண்டு நட்சத்திரம் கிட்டக்கிட்ட இருந்தா நடுவுல இப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவர் இருக்கு. ரோஷ் எல்லைன்னு பேர். கனமான நட்சத்திரம் எப்பவும் எரிபொருளைச் சீக்கிரம் செலவழிக்கும், சீக்கிரம் ஊதிப் பெருக்கும். பெருத்து அந்தச் சுவரைத் தாண்டினதும் அதோட மேலுடம்பு வாயு சின்னவர் வீட்டுல கொட்ட ஆரம்பிக்கும். கொட்டி முடிக்கும்போது பெரியவர் சின்னவர் ஆயிடுவார், சின்னவர் பெரியவர் ஆயிடுவார்.

இது கற்பனை இல்லை. அல்கால்னு ஒரு நட்சத்திரம், 2 நாள் 21 மணி நேரத்துக்கு ஒரு தடவை மங்கும். அதுல 3 சூரிய எடைக்கு மேல இருக்கற நட்சத்திரம் இன்னும் இளமையா இருக்கு. 0.7 எடை இருக்கறது கிழடு தட்டிப்போச்சு. கனமானதுதானே சீக்கிரம் கிழடாகணும்? ரொம்ப நாள் புதிரா இருந்தது. விடை, தேங்காய் பக்கத்து வீட்டுல விழுந்துடுச்சு.

அப்போ யோசிங்க. கருந்துளை ஆக வேண்டிய எடையோட பிறந்த ஒண்ணு, பாதி வாழ்க்கையில மேலுடம்பைத் துணைக்குத் தாரை வார்த்துட்டு நியூட்ரான் நட்சத்திரத்தோட நின்னுடலாம். வாங்கிக்கிட்ட துணை, பிறப்புல இல்லாத எடையைச் சேர்த்துக்கிட்டு கருந்துளை ஆகலாம். ரெண்டும் ஒண்ணா இணைஞ்சும் போகலாம். இதெல்லாம் அபூர்வ கேஸ் இல்லையான்னு கேட்பீங்க. 2012ல வந்த ஒரு ஆய்வுப்படி, மிகக் கனமான ஓ வகை நட்சத்திரங்கள்ல பத்துக்கு ஏழு, வாழ்க்கையில ஏதோ ஒரு கட்டத்துல துணையோட கொடுக்கல் வாங்கல் பண்ணுது. கருந்துளைக்குத் தாய் தந்தை ஆகக்கூடியவை இந்த வகைதான். ஆக, தனிக்கட்டைக் கதைதான் விதிவிலக்கு. நாம விதிவிலக்கைப் பாடமா வெச்சிருக்கோம்.

கருந்துளைன்னு முதல்ல ஒத்துக்கிட்டதும் ஒரு ஜோடியிலதான். சிக்னஸ் எக்ஸ்-1. ஒரு நீல நிறப் பெரிய நட்சத்திரம் 5.6 நாளைக்கு ஒரு தடவை கண்ணுக்குத் தெரியாத எதையோ சுத்தி வருதுன்னு 1971-72ல கண்டுபிடிச்சாங்க. அந்த 'எதையோ'வின் எடை 2021 கணக்குப்படி 21 சூரியன். துணைகிட்ட இருந்து உறிஞ்சற வாயு சூடாகி எக்ஸ் கதிரா வர்றதாலதான் அது கண்ணுல பட்டுது. இந்த மாதிரி எக்ஸ் கதிர் ஜோடிகளைப் பார்க்கறதுக்கு 1999ல நாசா அனுப்பின தொலைநோக்கிக்கு 'சந்திரா'ன்னு பேர், நம்ம சந்திரசேகர் பேர்தான். 2015 செப்டம்பர் 28ல நம்ம பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போன ஆஸ்ட்ரோசாட்டுக்கும் இது ஒரு முக்கிய வேலை.

அதே 2015, அதே செப்டம்பர், 14ஆம் தேதி. லைகோ கருவிகள்ல ஒரு ஈர்ப்பு அலை பதிவாச்சு. 36 சூரிய எடை ஒண்ணு, 29 சூரிய எடை ஒண்ணு, ரெண்டு கருந்துளை மோதி 62 எடையில ஒண்ணாச்சு. மிச்சம் 3 சூரியன் அலையா போச்சு. கண்டுபிடிப்புக் கட்டுரையில கையெழுத்துப் போட்ட இந்திய நிறுவனங்கள்ல சென்னைக் கணிதக் கழகமும் ஒண்ணு. இன்னிக்கு சிறுசேரியில இருக்கற அந்தக் கழகம் 1989ல ஆரம்பிச்ச இடம் நம்ம தி.நகர். ரங்கநாதன் தெருவுக்குப் புடவை வாங்க வர்ற கூட்டத்துல எத்தனை பேருக்கு இது தெரியும்?

இங்கதான் பெரிய சிக்கல். ரெண்டு கருந்துளையும் சுத்திச் சுத்திப் பிரபஞ்சத்தோட வயசுக்குள்ள மோதணும்னா, ஆரம்பத்துலயே சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்துல கால்வாசிக்குள்ள இருந்தாகணும். ஆனா அவங்களோட பெத்தவங்க, அதாவது மூல நட்சத்திரங்கள், வயசானப்போ எவ்வளவு பெருக்கும் தெரியுமா? திருவாதிரை நட்சத்திரத்தைச் சூரியன் இருக்கற இடத்துல வெச்சா செவ்வாய் வரைக்கும் முழுங்கிடும். (அந்தத் திருவாதிரைக்கும் ஒரு சின்னத் துணை தென்பட்டதா 2025ல அறிவிச்சாங்க. அதுவும் தனிக்கட்டை இல்லை போலிருக்கு!) இவ்வளவு பெரிய ரெண்டு உடம்பு இவ்வளவு சின்ன இடத்துல எப்படிக் குடித்தனம் பண்ணிச்சு?

ரெண்டு பதில் சொல்றாங்க. ஒண்ணு, தூரமா ஆரம்பிச்சு, ஒருத்தர் மேலுடம்புக்குள்ள இன்னொருத்தர் மாட்டிக்கிட்டு, உரசி உரசி உள்ளே இறங்கி, அந்தப் போர்வையை வெளியே தூக்கி எறிஞ்சு கிட்ட வந்தாங்க. 1976லயே பச்சின்ஸ்கி சொன்ன யோசனை இது. போர்வை இல்லாமலே, பொருள் கைமாறுறதாலயும் சுற்றுப்பாதை சுருங்கலாம்னு இப்போ சொல்றாங்க. ரெண்டாவது பதில், இவங்க கூடவே பிறந்த ஜோடி இல்லை. நெரிசலான நட்சத்திரக் கூட்டத்துல தனித்தனியா கருந்துளை ஆகி, அப்புறம் சந்திச்சு ஜோடி சேர்ந்தவங்க. 2019 மே 21ல பதிவான மோதல்ல 85ம் 66மா இருந்த ரெண்டு 142 ஆச்சு. அவ்வளவு எடைக் கருந்துளையை ஒத்தை நட்சத்திரம் விட்டுட்டுப் போறது கஷ்டம், அந்த எடையில நட்சத்திரம் மிச்சமில்லாம வெடிச்சுடும்னு கோட்பாடு சொல்லுது. அப்போ அதுவே ஏற்கெனவே ஒரு மோதல்ல பிறந்த ரெண்டாம் தலைமுறையா இருக்கலாம்.

முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. 2022ல கையா விண்கலத் தகவல்ல இருந்து கையா பிஹெச்1னு ஒரு கருந்துளை கிடைச்சுது. 1,560 ஒளியாண்டு தூரம்தான், 10 சூரியனுக்குக் கொஞ்சம் கம்மியான எடை. கூட நம்ம சூரியன் மாதிரியே ஒரு நட்சத்திரம், 186 நாளைக்கு ஒரு சுத்து. அந்தக் கருந்துளையோட மூல நட்சத்திரம் பெருத்திருந்தா இந்தச் சின்னதை எப்பவோ முழுங்கியிருக்கணும். முழுங்கலை. ஏன்னு இன்னும் யாருக்கும் தீர்மானமா தெரியாது.

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீட்டி முழக்கறேன். "1.4 தாண்டினா கருந்துளை"ன்னு படிக்கிற ஒரு பொண்ணோ பையனோ என்ன நினைப்பாங்க? கணக்கு 1930லயே முடிஞ்சுது, நம்மாளு முடிச்சுட்டார், நமக்கு மிச்சம் பெருமை மட்டும்தான்னு நினைப்பாங்க. ஜோடிக் கதையைச் சொன்னா, "அப்போ அது ஏன் முழுங்கலை?"ன்னு கேட்பாங்க. மகாராஷ்டிராவுல ஹிங்கோலி மாவட்டத்துல வரப்போற லைகோ-இந்தியாவுக்கு 2023ல 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்திருக்காங்க. அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கப் பெருமை பேசற ஆளுங்க வேண்டாம், கேள்வி கேட்கற ஆளுங்கதான் வேணும்.

"அதெல்லாம் சரிப்பா, சின்னப் பசங்களுக்கு எளிமையா சொல்ல வேண்டாமா?"ன்னு சிலர் கேட்கலாம். எளிமை வேற, தப்பு வேற. அதோட, நமக்கு ஜோடி நட்சத்திரத்தைச் சொல்லிக் கொடுக்கறது கஷ்டமே இல்லை. தி.நகர் கல்யாண மண்டபத்து வாசல்ல பட்டப்பகல்ல அண்ணாந்து பார்த்து அருந்ததி காட்டற ஊர் இது. வசிஷ்டரும் அருந்ததியும் சப்தரிஷி மண்டலத்துல பக்கத்துப் பக்கத்துல இருக்கறவங்க. அதுல வசிஷ்டர், அதாவது மிஸார், தொலைநோக்கியில பார்த்தா தானே ரெண்டா பிரியும். அருந்ததியைத் தெரிஞ்ச பசங்களுக்குத் தேங்காய் விழற கதை புரியாதா என்ன?

அதனால அறிவியல் எழுதற மக்களே, அடுத்த தடவை கருந்துளைப் பதிவு போடும்போது அந்தப் பழைய மூணு வரியை விட்டுட்டு இதைப் போடுங்க. ஒண்ணு: சந்திரசேகர் கண்டுபிடிச்சது செத்த நட்சத்திரம் எவ்வளவு எடை வரைக்கும் தாங்கும்ங்கறதை. ரெண்டு: அந்தக் கேள்வியை எழுப்பினதே ஒரு ஜோடி நட்சத்திரம், கருந்துளை ஆகற அளவு கனமான நட்சத்திரங்கள்ல பெரும்பாலானவை ஜோடியாத்தான் வாழுது. மூணு: ஜோடியா இருந்த நட்சத்திரங்கள் எப்படிக் கருந்துளை ஆச்சுங்கற கேள்விக்கு இன்னும் முழு பதில் இல்லை. இதுவும் மூணே வரிதான். காப்பி-பேஸ்ட் பண்ணினாலும் கேஸ் போடமாட்டேன் :-)